வாடகை வீட்டுக்குள் எந்தக் கம்பி நுழையலாம்?

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனியின் கடைசி நாட்களிலும், ஆவணி பிறந்ததும் வரும் முதல் முகூர்த்தங்களிலும் சென்னைத் தெருக்களில் பீரோவும் கட்டிலும் ஏற்றிய குட்டி யானை வண்டிகளைப் பார்க்கலாம். குடிபோகிறவர்கள் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். போர் தண்ணீரை வாயில் விட்டு உப்புப் பார்க்கிறார்கள். மின்மீட்டர் தனியா, பொதுவா என்று கேட்கிறார்கள். மெட்ரோ தண்ணீர் எப்போது வரும், வண்டி நிறுத்த இடம் உண்டா, அசைவம் சமைக்கலாமா என்பதெல்லாம் பேசி முடிக்கப்படுகின்றன. இன்டர்நெட் பற்றிய பேச்சு மட்டும் பால் காய்ச்சிய பிறகுதான் வருகிறது. அந்த வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் இணைப்பு வரலாம் என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

அந்த முடிவை எடுக்கும் உரிமை, வீட்டில் குடியிருந்து மாதாமாதம் கட்டணம் கட்டுகிறவருக்கே உரியது. வீட்டு உரிமையாளரோ, குடியிருப்போர் சங்கமோ, கட்டுநரோ, ஏரியா ஆபரேட்டரோ அதில் குறுக்கே நிற்கக் கூடாது. இதை வேண்டுகோளாக விட்டுவிடாமல் சட்டமாகவே எழுதிவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வீடு மாறும்போது நடப்பது இதுதான். பழைய நிறுவனத்தை அழைத்து, இணைப்பைப் புது முகவரிக்கு மாற்றித் தரும்படி கேட்கிறோம். பின்கோடு, தெருப் பெயர், பக்கத்தில் ஏதாவது கோயிலோ கடையோ உண்டா என்று கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஓர் அழைப்பு வரும். “அந்த அட்ரஸ் ஃபீசிபிள் இல்ல சார்.” அத்துடன் பேச்சு முடிந்துவிடும். கேட்கிறவருக்கு இது ஏதோ தொழில்நுட்பக் குறை போலத் தோன்றும். கம்பி அந்தப் பகுதிக்கே வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். புறநகரின் புதிய லேஅவுட்டுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் குரோம்பேட்டையிலும் வாசலுக்கு எதிரே உள்ள கம்பத்தில் அதே நிறுவனத்தின் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பதில் வந்தால், அதற்குக் காரணம் வேறு.

ஃபைபர் இணைப்பு வீட்டுக்குள் வரும் விதத்தைக் கிட்டே நின்று பார்த்தால் இது விளங்கும். நிறுவனத்தின் மையத்திலிருந்து தெருவரைக்கும் தடித்த கேபிள் வருகிறது. கம்பத்தில் உள்ள பெட்டிக்குள் ஸ்பிளிட்டர் என்ற சிறு கருவி ஒரு இழையின் ஒளியை எட்டு அல்லது பதினாறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு வருவது டிராப் கேபிள். அந்தக் கறுப்பு உறைக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரான். லைன்மேன் உறையைச் சீவி, இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே வைப்பார். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு இழைகளும் பெரிதாகத் தெரியும். ஒரு மின்பொறியில் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளியின் வலிமையை அளக்கப் பவர் மீட்டரைச் செருகுவார். மைனஸ் 20-ஐ ஒட்டிக் காட்டினால் தலையாட்டுவார். மைனஸ் 27-ஐத் தாண்டினால் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியும் என்பதால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது என்று தேடக் கிளம்புவார். இதில் கடினமான வேலை எதுவும் இல்லை. தேர்ந்த கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம். கம்பத்துக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே இருக்கும் சில பத்து அடிகளில்தான் சிக்கல் இருக்கிறது. அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு பூட்டிய அறை இருக்கும். அதற்குள் மேல்தளங்களுக்குப் போகும் குழாய் இருக்கும். சாவி வேறொருவரிடம் இருக்கும்.

மேடவாக்கம் பக்கம் குடிபோன ஒரு குடும்பத்தை அறிவேன். கணவன், மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. மகள் பிளஸ் டூ. மாலையில் ஆன்லைன் வகுப்பு. பழைய வீட்டில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி வைத்திருந்த இணைப்பில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. புது வீட்டுப் பால்கனியில் நின்றால் அதே நிறுவனத்தின் பெட்டி கம்பத்தில் தெரிகிறது. லைன்மேன் கேபிள் சுருளோடு வந்துவிட்டார். வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். சங்கச் செயலாளரிடம் கேட்டதற்கு, “நம்ம பில்டிங்ல அவங்களுக்குப் பர்மிஷன் இல்லம்மா. இருக்கிற லைனையே எடுத்துக்கோங்க, எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்கோம்” என்று பதில். கோயம்புத்தூரில் இருக்கும் வீட்டு உரிமையாளரை அழைத்தார்கள். “சங்கத்துல என்ன சொல்றாங்களோ அப்படியே பண்ணிக்கோங்கம்மா, எனக்கு எதுக்கு வம்பு” என்று அவர் வைத்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே இணைப்பு, வேகம் குறைவு; கட்டணம் அதிகம். வேறு வழியில்லாமல் அதைத்தான் வாங்கினார்கள். ஏழு மாதப் பணம் திரும்ப வரவில்லை. புது முகவரியில் ‘ஃபீசிபிள்’ இல்லாத காரணத்தால் இணைப்பு முடிக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

சங்கத்தினரைக் கெட்டவர்களாக்குவது என் நோக்கம் இல்லை. கட்டடத்துக்குள் நான்கு நிறுவனங்களின் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சுவரைத் துளைத்தால் மழைக்காலத்தில் நீர் இறங்கும் என்ற அவர்களுடைய பயம் நியாயமானது. பல இடங்களில் தடைக்குக் காரணம் அந்தப் பயம் மட்டும்தான். வேறு சில இடங்களில் பொது நிதிக்கு மாதம் ஒரு தொகை வருகிறது; அல்லது கட்டடம் எழும்பும்போதே கட்டுநர் ஒரு நிறுவனத்தோடு பேசி முடித்து, அந்த நிறுவனத்தின் கம்பியை மட்டும் குழாய்க்குள் இழுத்துவிட்டுப் போய்விடுகிறார். குழாயும் ஒரு கம்பிக்கே அளவானதாக இருக்கும். இந்த ஏற்பாடுகள் எதிலும் வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்து இல்லை. சங்கக் கூட்டத்தில் அவருக்கு வாக்கும் இல்லை. செலவை ஏற்கிறவர் மட்டும் அவர்.

ஏரியா கேபிள் ஆபரேட்டர்களைப் பற்றியும் மனம் கசந்து எழுத என்னால் முடியாது. 1990களின் தொடக்கத்தில் மொட்டை மாடியில் டிஷ்ஷை நிறுத்தி, தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் கம்பியைக் கட்டி, வீடு வீடாகத் தொலைக்காட்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள். அரசும் பெரிய நிறுவனங்களும் எட்டிப் பார்க்காத தெருக்களில் சொந்தக் காசைப் போட்டு வலை விரித்தவர்கள். நள்ளிரவில் கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே லைன் போனால் ஏணியோடு ஓடி வந்தவர்கள். 2003-இல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை வந்தபோதும், 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோதும், அதன்பின் ஓடிடி வந்தபோதும் அடி வாங்கித் தாக்குப்பிடித்தவர்கள். இன்று அவர்களில் பலர் இன்டர்நெட் நிறுவனங்களின் உள்ளூர் முகவர்களாகிப் பிழைக்கிறார்கள். அவர்கள் தொழிலில் நிலைக்க வேண்டும். தெருவுக்கு ஒருவர் என்று எல்லை பிரித்துக்கொண்டு, பக்கத்து எல்லைக்காரர் கம்பத்தில் ஏறக் கூடாது என்பதால் நிலைக்கக் கூடாது. நல்ல சேவை தருகிற ஆபரேட்டரை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற ஆளுக்கு இணையாக எந்தக் கால் சென்டரும் கிடையாது.

விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், கேபிள் டிவிக்கு ஓரளவு எழுதிவைத்திருக்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017-இல் கொண்டுவந்த விதிகள், புதிய இணைப்பு தரவும் இணைப்பை இடம் மாற்றவும் காலவரம்பு வைத்தன. பொருத்துவதற்கு 350 ரூபாய்க்கு மேலும், செயல்படுத்துவதற்கு 100 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்றன. 2024 ஜூலையில் ட்ராய் செய்த திருத்தம் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. பொருத்துக் கூலி, இடம் மாற்றும் கட்டணம், ஆள் வந்து பார்க்கும் கட்டணம் எல்லாவற்றையும் நிறுவனங்களே நிர்ணயித்து அறிவித்துக்கொள்ளலாம். சேனல் பார்க்காவிட்டாலும் கட்ட வேண்டிய அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் வரம்பும் அப்போதே போய்விட்டது. போட்டி இருக்கும் சந்தையில் விலை தானாகச் சரியாகும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஒரே ஒரு கம்பி மட்டும் நுழைய முடிகிற கட்டடத்தில் போட்டி எங்கிருந்து வரும்? கட்டட வாசலைத் திறந்துவிடாமல் விலை வரம்பை மட்டும் எடுத்தது தவறு என்றே நான் கருதுகிறேன்.

செட்டாப் பாக்ஸ் கதை இதைவிட மோசம். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் சிக்னலைத் திறக்காது. உள்ளே இருக்கும் பூட்டு மென்பொருள் அப்படி. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடிபோனதும் அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்தோடும் இயங்கும்படி கட்டாயமாக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ட்ராயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் வீடுகளை எட்டவில்லை. டிடிஎச் வைத்திருப்பவர்கள் டிஷ்ஷைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கும் புது வீட்டின் மொட்டை மாடிச் சாவி வேண்டும்.

இன்டர்நெட்டுக்கு வருவோம். பிராட்பேண்ட் இணைப்பைப் பதிவு செய்த 15 வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும் என்று 2006-லேயே ட்ராய் விதி செய்தது. தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமாக இருந்தால் என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. சாத்தியமா, இல்லையா என்று சொல்வது நிறுவனம். எதனால் இல்லை என்று எழுத்தில் தரவேண்டிய கட்டாயம் வாடிக்கையாளரின் அனுபவத்தில் எங்குமே தென்படவில்லை. கம்பி இல்லாததும், இடம் இல்லாததும், வாசலில் தடுக்கப்பட்டதும் ஒரே பதிலுக்குள் ஒளிந்துகொள்கின்றன. 2011 ஜனவரி முதல் செல்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறோம். அந்தச் சுதந்திரம் வந்த பிறகுதான் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் குரலுக்குக் காது கொடுத்தன. வீட்டுக் கம்பிக்கு அப்படி ஒரு சுதந்திரம் இன்றுவரை இல்லை.

வாடகைதாரர் நிலைமையைக் கவனியுங்கள். நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் 11 மாதம் என்பது வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்டால் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதால் நிலைத்துவிட்ட வழக்கம் அது. இன்டர்நெட் நிறுவனங்களோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால்தான் பொருத்துக் கூலி தள்ளுபடி, ரவுட்டர் இலவசம் என்கின்றன. அடுத்த ஆனியில் எந்தத் தெருவில் இருப்போம் என்று தெரியாதவர் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டுகிறார். இடையில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் நட்டம் முழுவதும் அவருடையது. சொந்த வீட்டுக்காரரைவிட அதிகம் இடம் மாறுகிறவர், அதற்காக அதிகம் தண்டம் கட்டுகிறார். மாற்ற முடியாத முகவரிக்கு வாடிக்கையாளர் போனால் மீதி மாதங்களுக்கான பணத்தைக் கழித்துக்கொள்ளாமல் திருப்பித் தர வேண்டும் என்று ட்ராய் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

இன்டர்நெட் இல்லாவிட்டால் என்ன, செல்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், நாட்டில் கம்பி வழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 4 கோடிதான். மற்ற பெரும்பாலோர் செல்பேசியை நம்பியே இருக்கிறார்கள். ஹாட்ஸ்பாட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலையும் வகுப்பும் நடத்திய வீட்டைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதியில் குறிப்பிட்ட நேரத்தில் செல்பேசி கூடாது என்ற தடையை எதிர்த்த ஃபகீமா ஷிரின் என்ற மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. விடுதி வார்டனுக்கு இல்லாத அதிகாரம் சங்கச் செயலாளருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

வாடகைச் சட்டத்திலும் இதற்குப் பிடிமானம் இருக்கிறது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், வாடகைதாரருக்குத் தடுக்கக் கூடாத அத்தியாவசியச் சேவைகளைப் பட்டியலிடும்போது தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் ஆகியவற்றோடு தகவல்தொடர்பு இணைப்புகளையும் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நம்முடைய சொந்த வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இருக்கிற இணைப்பை அறுக்காமல் பாதுகாப்பது ஒன்று. விரும்பிய இணைப்பைக் கொண்டுவரும் உரிமை இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

வேறு நாடுகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. பிரான்ஸ் 2008-இல் இயற்றிய சட்டப்படி, ஒரு கட்டடத்துக்குள் ஒரு நிறுவனம் ஃபைபர் இழுத்தால் அதை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும். குடியிருப்பவர் ஃபைபர் கேட்டால், வலுவான, நியாயமான காரணம் இல்லாமல் உரிமையாளர் மறுக்க முடியாது. அங்கே வாடகைதாரருக்கும் அந்த உரிமை உண்டு. அமெரிக்காவில் அடுக்குமாடிக் கட்டடங்களோடு கேபிள் நிறுவனங்கள் செய்துகொள்ளும் தனியுரிமை ஒப்பந்தங்களை 2007-லேயே தடைசெய்தார்கள். நிறுவனங்கள் வேறு வழியில், வருமானத்தில் பங்கு தருவதாகச் சொல்லி உரிமையாளர்களைக் கட்டிப்போட்டன. அந்தப் பங்கு ஒப்பந்தங்களில் பிறரை வெளியே நிறுத்தும் வகையைச் சேர்ந்தவற்றை 2022-இல் தடைசெய்தார்கள். ஓட்டையை ஒருமுறை அடைத்தால் போதாது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டிலும் யோசனைக்குப் பஞ்சமில்லை. கட்டடத்துக்குள் இருக்கும் குழாய்களையும் கேபிள்களையும் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்; மற்றவர்களைத் தடுக்கும் ஒப்பந்தத்தை உரிம மீறலாகக் கருத வேண்டும் என்று 2017 ஜனவரியிலேயே ட்ராய் பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு அவற்றின் இணைய வசதியைப் பொறுத்து நட்சத்திரக் குறியீடு தரும் விதிகளையும் வெளியிட்டது. நட்சத்திரம் வாங்க விண்ணப்பிக்கப்போவது பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையின் உயர்ந்த கோபுரங்கள்தான். திருவல்லிக்கேணியிலோ சைதாப்பேட்டையிலோ எட்டு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடத்துக்கு நட்சத்திரம் எதற்கு? வாடகைக்காரர்கள் நிறைந்திருப்பது அங்கேதான்.

தமிழ்நாட்டு அரசால் இதைச் செய்ய முடியும். 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது, நடக்காது என்றவர்கள் பலர். அந்த ஆண்டிலேயே தெருத்தெருவாகத் தொட்டிகள் தோண்டப்பட்டன. சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததைக் கண்ணால் பார்த்தோம். பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பே கிடையாது. அந்தச் சான்றுக்கான பரிசோதனையில் ஒன்றைச் சேர்க்கலாம்: வாசலிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் குறைந்தது நான்கு நிறுவனங்களின் கேபிள் போகும் அளவுக்கு அகலமான பொதுக் குழாய், தளத்துக்கு ஒரு பெட்டி, கட்டடப் பராமரிப்பாளரிடம் சாவி. கட்டும்போதே செய்தால் செலவு மிகச் சொற்பம். பழைய கட்டடங்களுக்கு, மாடிப்படி ஓரமாக ஒரே ஒரு பிவிசி குழாயை வெளிப்புறத்தில் இறக்கி எல்லோரும் அதையே பயன்படுத்தும்படி செய்யலாம். சுவர் துளைபடும் என்ற சங்கத்தின் பயமும் அதோடு தீர்ந்துவிடும். மின்கம்பங்களில் சிக்கலாகத் தொங்கும் கேபிள்களை மாநகராட்சி ஊழியர்கள் அவ்வப்போது அறுத்து எறிகிறார்கள். அறுத்த மறுநாளே வேறு கம்பத்தில் அவை ஏறிவிடுகின்றன. பொதுக் குழாய் இருந்தால் அறுக்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

ரவுட்டரை வீட்டில் வைத்துவிட்டால் கம்பி தேவையில்லை என்று 5ஜி வழி இணைப்புகளை விளம்பரம் செய்கிறார்கள். கூட்டம் குறைந்த பகுதிகளில் அவை நன்றாகவே இயங்குகின்றன. அவற்றுக்கும் வெளிச்சுவரிலோ மொட்டை மாடியிலோ ஒரு பெட்டியைப் பொருத்த அனுமதி வேண்டும் என்பதால், கேள்வி மீண்டும் அதே ஆளிடம்தான் போய் நிற்கிறது.

சட்டம் வரும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது சில உண்டு. முன்பணம் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எந்த இணைப்பு வைத்திருக்கிறார்கள், எத்தனை நிறுவனங்கள் வருகின்றன, மழை நாளில் எப்படி என்று கேளுங்கள். நிறுவனத்தின் இணையதளம் காட்டும் பச்சை டிக்கை நம்பாதீர்கள். லைன்மேனை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய இணைப்பை முடிக்கும்போது ரவுட்டரையும் செட்டாப் பாக்ஸையும் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாததால் வைப்புத்தொகையை இழந்தவர்கள் ஏராளம். இணைப்பு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தயங்க வேண்டியதில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “வாடகைதாரர் தாம் விரும்பும் நிறுவனத்தின் இன்டர்நெட், கேபிள் இணைப்பை, கட்டடத்துக்குச் சேதமின்றிப் பெற்றுக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார்.” வீட்டு உரிமையாளர்களிடம் எனக்குள்ள வேண்டுகோளும் அதுவே. அந்த வரிக்குச் சம்மதியுங்கள். சங்கக் கூட்டத்தில் உங்கள் வாடகைதாரருக்காக நீங்கள் பேசுங்கள். அங்கே பேச உங்களுக்குத்தான் இடம் உண்டு.